குடம் தூக்காத ஏழு வருஷம்

என் இடது கை ஏழு வருஷம் அடிவயிற்றின் மேலேயே இருந்தது. தும்மினால் அங்கே போகும், இருமினால் அங்கே போகும். பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறினால் மற்றவர்கள் கம்பியைப் பிடிப்பார்கள், நான் வயிற்றைப் பிடிப்பேன். அந்த வருஷங்களில் கல்யாண வீடுகளில் எடுத்த போட்டோக்கள் இப்போதும் வீட்டில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் முந்தானைக்குள் ஒரு கை ஒளிந்திருக்கிறது.

எண்பதுகளின் நடுவில், எனக்கு நாற்பது நடக்கும்போது, கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இரண்டு வருஷமாக உதிரப்போக்கு நிற்காமல், முகம் வெளுத்து, படி ஏறினால் கண் இருட்டும் நிலைக்குப் போன பிறகு வேறு வழியில்லை என்றார்கள். வீட்டுக்கு அனுப்புகிற அன்று நர்ஸம்மா கட்டிலருகே வந்து, "வெயிட்டு தூக்கக் கூடாதும்மா, குடத்தைத் தொடவே கூடாது" என்றாள். எத்தனை நாளைக்கு என்றும் சொல்லியிருப்பாள். எனக்கு அது காதில் ஏறவில்லை. பயந்துபோன காது பாதியைத்தான் கேட்கும். மீதி ஒரு காகிதத்தில் இங்கிலீஷில் எழுதியிருந்தது. அதை என் வீட்டுக்காரர் வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான் எட்டாவது வரை தமிழில் படித்தவள். இங்கிலீஷ் காகிதங்கள் எப்போதும் அவர் இலாகா.

ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் அவர் மெஷினில் வேலை பார்த்தார். எங்களுக்குக் குவார்ட்டர்ஸில் இரண்டாவது மாடி. ஒரே மகன், படித்து முடித்ததும் புனே பக்கம் வேலைக்குப் போய்விட்டான். குவார்ட்டர்ஸ் என்றால் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டமும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும் இடம். ஆபரேஷன் முடிந்து வந்தவளைப் பார்க்க ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார்கள். வந்தவர்கள் ஆளுக்கொரு பயத்தையும் வைத்துவிட்டுப் போனார்கள். மதுரைக்காரம்மா குளிர்ந்த தண்ணீரில் கால் வைக்காதே என்றாள். நாகர்கோவில்காரம்மா பலாப்பழம் கூடாது என்றாள். அதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதிர்வீட்டுக்காரி சொன்னதுதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அவள் இந்தப் பக்கத்துக்காரி, பூந்தமல்லியில் பிறந்து வளர்ந்தவள். என்னைவிட நாலு வயது சின்னவள். ஒடிசலான உடம்பு, ஓட்டை வாய், தங்கமான மனசு.

"யக்கா, என் சின்னம்மா ஒருத்தி சென்னீர்குப்பத்துல கீறா. இதே ஆப்ரேசன்தான். நாலு வருசம் நல்லாத்தான் இருந்தா. ஒரு நாளு நெல்லு மூட்டய இப்டிக்கா தூக்கி அப்டிக்கா வெச்சா பாரு, உள்ள தையல் அவுந்துகினு குடலு எறங்கிடுச்சி. இன்னிக்கும் படுத்துகினுதான் கீறா. நீ ஆயுசுக்கும் குடத்தத் தொடாதக்கா."

அந்தச் சின்னம்மாவை நான் பார்த்ததில்லை. அவள் படுத்திருக்கும் பாயை மட்டும் தினமும் பார்த்தேன்.

அன்றிலிருந்து நான் எதையும் தூக்கவில்லை. எங்கள் பிளாக்கில் குழாய்த் தண்ணீர் கீழ்த்தளத்தோடு சரி, மாடிக்கு ஏற அதற்குத் தெம்பு கிடையாது. அவர் தினமும் விடிகாலையில் கைக்கு ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் குடம் என்று ஐந்து நடை ஏறுவார். நான் மேல்படியில் வெறும் குடங்களோடு நிற்பேன். பாத்திரத்தில் தண்ணீர் மொள்ள வேண்டுமானால் சொம்பு சொம்பாக. சொம்புதான் என் எல்லை. அரிசி இரண்டு இரண்டு கிலோவாக வரும். கிரைண்டர் வாங்கினோம், அதன் கல்லை எடுத்துக் கழுவுவதும் அவரே. "மகாராணிக்குக் கல்லைக் கழுவியாச்சு" என்று சொல்லிக்கொண்டே ஃபேக்டரி சங்குக்கு ஓடுவார். கீழ்வீட்டுப் பெண்கள் என்னைக் கொடுத்துவைத்தவள் என்றார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன்.

ஆனால் அந்தப் பெருமைக்குள்ளே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. முதலில் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் தெரிந்தது. பஸ்ஸின் முதல் படி ஏதோ ஒரு நாள் உயர்ந்துவிட்டது. காலைத் தூக்கி வைத்தேன், உடம்பு பின்னால் வரவில்லை. கண்டக்டர் விசில் வாயோடு கத்தினார், பின்னால் நின்ற யாரோ தள்ளி ஏற்றிவிட்டார்கள். அப்புறம் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கச் சுவர் வேண்டியிருந்தது. அப்புறம் கக்கூஸில் கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்துத்தான் எழுந்தேன். ஒரு நாள் தாழ்ப்பாள் ஆணியோடு கையில் வந்துவிட்டது. அரை மணி நேரம் அங்கேயே குந்தியிருந்தேன். கடைசியில் தவழ்ந்து வெளியே வந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. நாற்பத்தாறு வயதுதான். வயசாகிவிட்டது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

தொண்ணூறுகள் தொடங்கி ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். அந்த வாரம் அவருக்கு இரண்டாவது ஷிப்டு. குழாயில் தண்ணீர் தாமதமாக வந்ததால் பிளாக் ஆண்கள் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு அவர் தண்ணீர் தூக்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது நடை. குடங்களைக் குளியலறையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு குடம் உருளும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

நான் போய்ப் பார்த்தபோது அவர் தரையில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தார். வாய் கோணியிருந்தது. கொட்டிய தண்ணீர் போகிற பாதையில் அவர் முகம் இருந்தது, மூக்கருகே தண்ணீர் தேங்கியது. இடது கையை என்னை நோக்கி நீட்டினார். ஏதோ சொன்னார், வார்த்தையாக வரவில்லை.

நான் இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன். தலையும் தோளும் தரையைவிட்டு ஒரு சாண் எழும்பின. அதே நேரம் என் அடிவயிற்றில் சுரீர் என்றது. சென்னீர்குப்பத்துப் பாய் கண்முன்னால் வந்தது. நான் கையை விட்டுவிட்டேன்.

அவர் தலை தரையில் மோதிய சத்தம் பெரிய சத்தம் இல்லை. எனக்கு அது இன்றைக்கும் கேட்கிறது. துண்டை மடித்துத் தலைக்கடியில் தள்ளினேன், தண்ணீரை இன்னொரு துண்டால் ஒதுக்கினேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு படி இறங்கி ஓடினேன். கதவு கதவாகத் தட்டினேன். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிற நாள், எதிர்வீட்டுக்காரியோடு பிளாக் பெண்கள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். அவள் மண்ணெண்ணெய் கேனோடு வருவதற்கு இருபது நிமிஷம் ஆனது. வந்தவள் கேனைப் போட்டுவிட்டு அவர் அக்குளுக்குள் இரண்டு கையையும் விட்டு, "யம்மாடியோவ்" என்று ஒரே இழுப்பாக இழுத்துச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தாள். கோழிக்குஞ்சு மாதிரி இருப்பாள் அவள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், வயிற்றில் கை வைத்தபடி.

வலப்பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தோம். தண்ணீர் தூக்கியதாலா என்று டாக்டரிடம் கேட்டேன். ரத்தக்கொதிப்பு அம்மா, ரொம்ப நாளாகவே இருந்திருக்கும், குடத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். என் மனசு கேட்கவில்லை. ஏழு வருஷத்துக் குடங்களைத் தினமும் எண்ணிக்கொண்டு கிடந்தேன். உயிர் தப்பியது, பேச்சு ஒவ்வொரு சொல்லாகத் திரும்பியது, கால் இழுத்துக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு பெண் வந்தாள். பிசியோதெரபி படித்தவள், முப்பத்தைந்து வயது இருக்கும். அம்பத்தூர் பக்கம் ஏர்பிடித்த குடும்பம், அண்ணன்கள் எல்லாம் அங்கே தொழிற்பேட்டையில் லேத் வேலை. அவள் படித்துவிட்டாள், பேச்சு மட்டும் படிக்கவில்லை. நோயாளியைவிட என்னையே அதிகம் பார்த்தாள்.

"ஊட்ல வேற யாரு கீறாங்க?"

"நானும் அவரும்தான்."

"அப்ப சார் உழுந்தா நீதான்மா தூக்கணும்."

"மறுபடி விழுவாரா?"

"கண்டிப்பா உழுவாரு. நடக்க ஆரம்பிச்சா உழுவாரு. நடக்காம போட்டுட்டா இன்னும் மோசம். உழுந்தவர எப்டி எழுப்புறதுன்னுதான் பாக்கணும்."

நான் ஆபரேஷன் கதையைச் சொன்னேன். குடத்தைத் தொடக்கூடாது என்றேன். எப்போது ஆயிற்று என்று கேட்டாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபித்துக்கொண்டு தப்பித்திருப்பேன்.

"இன்னாமா சொல்ற, ஏழு வருசமாவா? வயக்கமா மூணு மாசம் சொல்வாங்கம்மா. மிஞ்சிப்போனா ஆறு மாசம். எங்க, கைய ஊனாம தரைல குந்திட்டு எழுந்திரு, பாப்போம்."

உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. நாற்காலியில் இருந்த என் வீட்டுக்காரரும், தரையில் இருந்த நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்போது எனக்கு வந்த பயம் வயிற்றைப் பற்றியது இல்லை. இந்த வீட்டில் யார் விழுந்தாலும் தூக்க ஆளில்லை என்று தெரிந்த பயம். அவள் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, "மொதல்ல ஒனக்குத்தான்மா எக்சர்சைசு" என்றாள்.

ஆனால் லேடி டாக்டரிடம் காட்டாமல் ஆரம்பிக்கமாட்டேன் என்றாள், பழைய டிஸ்சார்ஜ் காகிதத்தையும் எடுத்துவரச் சொன்னாள். இரும்புப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். ரேஷன் கார்டு, மகனின் மார்க் ஷீட், ரேடியோ லைசென்ஸ்கூட இருந்தது. அந்தக் காகிதம் மட்டும் இல்லை. அவரைக் கேட்டேன். இடது கையை இல்லை என்பதுபோல் ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பூந்தமல்லியில் ஒரு லேடி டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், இருமச் சொல்லிப் பார்த்தார். தழும்பு நன்றாக இருக்கிறது, குடல் இறக்கம் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கலாம் என்றார். ஆனாலும் எனக்கு அந்தக் காகிதம் வேண்டியிருந்தது. தைத்த கை என்ன எழுதிக்கொடுத்தது என்று தெரியாமல் யாரோ சொன்னதை நம்பி எப்படித் தூக்குவது?

இருந்தாலும் ஆரம்பித்தேன். தைரியத்தால் இல்லை, ஒரு பயத்தைவிட இன்னொரு பயம் பெரியதாகிவிட்டது, அவ்வளவுதான். முதலில் நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது, பத்து தடவை. பிறகு மஞ்சள் பையில் ஒரு படி அரிசியைப் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுவது. குனிந்து தூக்காதே, முட்டியை மடக்கி இறங்கு, பாரத்தை உடம்போடு ஒட்ட வை, தூக்கும்போது மூச்சை விடு. இதில் கடைசிதான் எனக்கு வரவே இல்லை. பயந்தவளுக்கு மூச்சை அடக்கத்தான் தெரியும்.

இரண்டாவது நாள் காலையில் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. உடம்பின் கீழ்ப்பாதி முழுக்க வலி. இருமினால் வலி, படி இறங்கினால் வலி. அவிழ்ந்துவிட்டது என்று முடிவு செய்தேன். சென்னீர்குப்பத்துக்காரிக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு பாய் விரித்தாயிற்று. அவருக்கு யார் கஞ்சி கொடுப்பார்கள் என்று நினைத்து அழுதேன். எதிர்வீட்டுக்காரி வந்து அரிசிப்பையைப் பார்த்தாள், கதையைக் கேட்டாள், தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒனக்கு இன்னா பைத்தியமா கீது? ஆஸ்பத்திரில படிச்சிட்டு வந்து எவளோ ஒருத்தி சொன்னான்னு அரிசிப்பைய கட்டிக்கினு குதிக்கிற! சின்னம்மா கதய மறந்துட்டியா?"

உடற்பயிற்சிக்காரி வரும்வரை இரண்டு நாள் அசையாமல் கிடந்தேன். அவள் வந்து வயிற்றை அமுக்கினாள். வலிக்கவில்லை. தொடையை அமுக்கினாள். கத்திவிட்டேன்.

"இதாம்மா வலி. இது வேல செஞ்ச வலி. ஏழு வருசமா தூங்கிகினு இருந்ததுங்கள எழுப்பிவுட்டா இன்னா பண்ணும்? கத்தும்."

அவமானமாக இருந்தது. என் உடம்பில் எது தொடை, எது வயிறு என்பதே மறந்துபோகும் அளவுக்குப் பயந்திருக்கிறேன். எதிர்வீட்டுக்காரிக்கு மட்டும் சமாதானமாகவில்லை. அடுத்த சில வாரங்களுக்கு நான் எழுந்து உட்காரும் நேரம் பார்த்து வாசலில் வந்து நிற்பாள், ஏதாவது ஆனால் ஆட்டோ கூப்பிட. அவளுடைய அன்பு அப்படி.

படி அரிசி போதாமல் போனபோது பூந்தமல்லியில் பழைய இரும்புக் கடையில் எடைக்கல் வாங்கினேன். வியாபாரிகள் வருஷா வருஷம் அரசாங்க முத்திரை வைக்க எடுத்துப்போகும்போது தேய்ந்துவிட்டது என்று தள்ளிவிடுகிற கற்கள் அங்கே வந்துசேரும். ஒரு கிலோ ஒன்று, இரண்டு கிலோ இரண்டு, ஐந்து கிலோ ஒன்று. கடைக்காரர் எந்த மார்க்கெட்டில் கடை என்று கேட்டார். காய்கறிக் கடை என்று வாய்கூசாமல் சொன்னேன். இதில் யாவாரம் பண்ணினால் பிடித்துக்கொள்வார்கள், ஐந்து கிலோவில் நூறு கிராம் குறையும் என்று எச்சரித்தார். எனக்கு அந்தச் சலுகை வேண்டித்தான் இருந்தது.

ஒவ்வொரு கல்லையும் முதல்முறை தூக்கிய நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. காரணம் சந்தோஷம் இல்லை. தூக்கிய பிறகு குளியலறைக்குப் போய்ப் புடவையில் ரத்தம் பட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்காது. மறுநாளும் பார்ப்பேன். ஐந்து கிலோவுக்கு வந்து சேர ஐந்து மாசம் ஆனது. அப்புறம் கால் குடம். அரைக் குடம். முழுக் குடம் ஒன்றை இடுப்பில் வைத்து இரண்டு மாடி ஏறிய அன்று, நடுப்படியில் நின்று அழுதேன். எதிர்வீட்டுக்காரி மேலேயிருந்து, "கீழ வெய்யிக்கா, கீழ வெய்யி" என்று கூவினாள். வைக்கவில்லை.

இதெல்லாம் நடக்கும்போது என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். சபாஷ் என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கல்லை எடுத்தால் அவர் இடது கை நாற்காலிப் பிடியை இறுக்கும். அவருக்கு என்மேல் பொறாமை என்று நினைத்தேன். பாவம், தூக்கியவர் உட்கார்ந்திருக்கிறார், உட்கார்ந்திருந்தவள் தூக்குகிறாள், இருக்காதா என்று நினைத்தேன்.

உடல்நிலை காரணமாக அவருக்கு ஓய்வு கொடுத்தார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்து அம்பத்தூர் மேனாம்பேட்டில் நாங்கள் முன்பே கட்டிப்போட்டிருந்த இரண்டு அறை வீட்டுக்குப் போனோம். அப்போது அந்தத் தெருவில் மொத்தம் நாலு வீடு. எங்களுக்கு இரண்டு பக்கமும் காலி மனை, சீமைக்கருவேலம். கொல்லையில் கைபம்பு. எதிர்வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு லாரியில் சாமான் ஏற்றிவிட்டாள். வந்த முதல் வாரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, இங்கே கத்தினால் நாய்தான் வரும். உடற்பயிற்சிக்காரியின் வீடு கூப்பிடு தூரத்தில் இல்லாவிட்டாலும் அதே அம்பத்தூர்தான். ஆனால் கையை நீட்டும் நேரத்தில் அவள் இருக்கப்போவதில்லை. அவர் கோல் ஊன்றி நடந்தார். கோல் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் எனக்கு. நின்றால் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பார்ப்பேன்.

ஒரு நாள் மத்தியானம் நின்றது.

சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. கொல்லையில் பம்புக்குப் பக்கத்தில் பாசியில் வழுக்கி விழுந்திருந்தார். நல்லவேளையாக முகம் மேலே இருந்தது, கண் விழித்திருந்தது, வாய் கோணவில்லை. கையைக் காலை அசைக்கச் சொன்னேன், அசைத்தார். எங்கேயும் எலும்பு முறிந்த வலி இல்லை. வெயில் மட்டும் நேராக அவர் முகத்தில். நான் இரண்டு பக்கமும் பார்த்தேன். கருவேலம். யாருமில்லை.

அவர் இடது கையை நீட்டினார். அதே கை.

விழுந்தவரை எழுப்ப உடற்பயிற்சிக்காரி சொல்லித்தந்ததில் கையை நீட்டினால் இழுக்கவே கூடாது என்பதுதான் முதலில் ஞாபகம் வந்தது, மீதி ஒவ்வொன்றாக வந்தது. உள்ளே போய் மரநாற்காலி இரண்டையும் தூக்கி வந்தேன். அவருடைய வேட்டி ஒன்றைக் கயிறுபோல் முறுக்கி இடுப்பைச் சுற்றிக் கட்டினேன். நல்ல பக்கமாக உருட்டினேன். ஒருக்களித்து, முழங்கை ஊன்றி, மண்டியிடுவதற்கே வெகுநேரம் ஆனது. நாற்காலியை முன்னால் போட்டு அதில் இடது கையை ஊன்றச் சொன்னேன். பின்னால் நின்று வேட்டி முறுக்கைப் பிடித்து, முட்டியை மடக்கி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று தூக்கினேன்.

எழும்பினார். பாதியில் வலது கால் மடங்கியது, திரும்பவும் மண்டியில் போய் விழுந்தார். என் அடிவயிற்றில் சுரீர் என்றது. கை தானாக அங்கே போனது. ஏழு வருஷத்துப் பழக்கம், ஒன்றரை வருஷக் கல் அதை ஜெயிக்கவில்லை. அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு பயமாக இருந்தது என்று எப்படிச் சொல்ல? பேசாமல் அவரை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. வந்தது, பொய் சொல்லமாட்டேன்.

கையை எடுத்தேன். மறுபடி வேட்டியைப் பிடித்தேன். நெஞ்சை அவர் முதுகோடு ஒட்டினேன். மூச்சை அடக்காமல் "ஹா" என்று வெளியே விட்டேன், பக்கத்து மனை வரைக்கும் கேட்டிருக்கும். அவர் எழுந்தார். நின்றார். காலால் இன்னொரு நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டு உட்கார வைத்தேன். நான் மண்ணில் உட்கார்ந்தேன். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. சாம்பார் தீய்ந்த வாசனை வந்தது.

மூச்சு அடங்கியதும் அவர் பேசினார். அவருக்கு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும்.

"மூணு... மாசம்தான்."

"என்ன மூணு மாசம்?"

"உன்... பேப்பர்ல. மூணு மாசம்னுதான்... போட்டிருந்தது."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மண்ணைவிட்டு எழுந்தேன்.

"தெரியுமா உங்களுக்கு? தெரிஞ்சுக்கிட்டா ஏழு வருஷமா சும்மா இருந்தீங்க?"

"கையெழுத்து... கேட்டாங்க. ஆப்ரேஷனுக்கு முன்ன. உசுருக்கு... நாங்க பொறுப்பில்லன்னு... இருந்தது. போட்டேன்." இடது கை நாற்காலி விளிம்பை இறுக்கியது. "அப்பலேர்ந்து... பயம். யாராவது... படிச்சுச் சொன்னா... நீ தூக்குவ. கிழிச்சிட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் பேச முடியாதவர், அப்போதுதான் விழுந்து எழுந்தவர் என்பதெல்லாம் எனக்குத் தெரியவில்லை. கத்தினேன். பஸ் படியைச் சொன்னேன், கக்கூஸ் தாழ்ப்பாளைச் சொன்னேன், தவழ்ந்து வந்ததைச் சொன்னேன், என்னை உட்கார வைத்தே முடமாக்கினீர்கள் என்று சொன்னேன். அவர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கத்தி முடித்ததும் எனக்குச் சொல்ல ஒன்று மிச்சமிருந்தது.

"அன்னிக்கு ஆவடியில, பாத்ரூம்ல, உங்க கைய நான்தான் விட்டுட்டேன். என் வயித்துக்குப் பயந்து விட்டுட்டேன். தலை இடிச்சுது."

"தெரியும்" என்றார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "விட்டியே... அப்பாடான்னு... இருந்தது."

நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். ஒரே வீட்டில், ஒரே பயத்தை, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறோம்.

மறுநாள் காலையில் எடைக்கற்களை எடுத்து வைத்தேன். அவர் வழக்கம்போல் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கிலோ கல்லைக் கொண்டுபோய் அவருடைய வலது கையில் வைத்தேன். விரல்கள் மூடவில்லை. நானே மூடினேன், அதன்மேல் என் கையை வைத்துக்கொண்டேன். அவர் முகத்தில் பயம் தெரிந்தது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

"மூச்சை விட்டுட்டுத் தூக்குங்க" என்றேன்.